மேசையை அடைக்கும் மொனிட்டர்: தூக்கி நிறுத்த ஒரு கை

கடை வாடகையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசத் தெரிந்தவர்கள் நாம். களஞ்சியத்தில் சாக்கை எத்தனை அடுக்கு அடுக்கலாம், லொறியில் இன்னும் எத்தனை பெட்டி ஏற்றலாம் என்பதெல்லாம் நமக்கு மனக்கணக்கு. ஆனால் நாள் முழுவதும் எதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோமோ, அந்த மேசையை மட்டும் நாம் அளந்து பார்ப்பதில்லை. காசு எண்ணுவதும், பில் எழுதுவதும், வாடிக்கையாளரோடு பேசுவதும், தேநீர் குடிப்பதும் அந்த நான்கடிப் பலகையில்தான் நடக்கின்றன. அதன் நடுவில் ஒரு மொனிட்டரை நட்டு வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஓரங்களில் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் எழுதப்போவது அந்த மொனிட்டரை மேசையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஒரு சாமானைப் பற்றி. கொழும்பில் கொம்பியூட்டர் கடைகளில் ‘மொனிட்டர் ஆர்ம்’ என்று கேட்டால் காட்டுவார்கள். மேசையின் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஓர் இடுக்கி, அதிலிருந்து எழும்பும் ஒரு தண்டு, முழங்கைபோல் மடங்கும் இரண்டு துண்டுகள், நுனியில் மொனிட்டரின் முதுகில் பூட்டும் ஒரு தட்டு, இவ்வளவுதான் அது. நான் இதை மொனிட்டர் கை என்றே எழுதுகிறேன். பார்த்தால் கையைப் போலத்தான் இருக்கும்.

‘மீன் வாங்கும் இடத்தில் இதெல்லாம் எதற்கு, பெரிய ஒபிஸ்காரர்களின் ஆடம்பரம்’ என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இதன் பயன் தெரிந்தது ஒபிஸில் அல்ல, நாயாற்றில்.

நாயாற்றைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வீதியில் சிலாவத்தை, அளம்பில், செம்மலை தாண்டிப் போனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக வரும் இடம் அது. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் இந்தக் கடல் அடங்கிக் கிடக்கும். அதனால் மார்ச், ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர், ஒக்டோபர் வரை நீர்கொழும்பு, சிலாபம் பக்கங்களிலிருந்தும் மீனவர்கள் வந்து வாடி அடிப்பார்கள். உள்ளூர்த் தமிழ் மீனவர்களும் இங்கே தொழில் செய்கிறார்கள். இந்தக் கரையில் யாருக்கு எந்த இடம் என்பதில் நீண்ட காலப் பிணக்கு உண்டு. அது வேறு கட்டுரைக்கான விஷயம். எங்களைப் போன்ற கொள்வனவுக்காரர்களுக்கு இரு சாராருமே வாடிக்கைக்காரர்கள். பருவத்தில் நானும் அங்கே ஒரு கொட்டில் போட்டு மீன் வாங்கி, ஐஸ் போட்டுப் பேலியகொடைக்கு ஏற்றுகிறேன்.

விடியற்காலையில் படகு கரை சேர்ந்ததும் கொட்டிலுக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் மேசையின் அருமை விளங்கும். தராசின் எண் காட்டும் பெட்டி மேசையில் இருக்க வேண்டும். பில் அடிக்கும் சிறிய பிரிண்டர், கல்குலேட்டர், இரண்டு போன், துண்டு குத்தும் கம்பி, அட்வான்ஸ் கொப்பி, காசுப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்தாறு சம்மாட்டிமார் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ஈரக் கையை மேசையில் ஊன்றித்தான் பேசுவார்கள். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் பலகையில் ஓடும். இதற்கு நடுவில் மொனிட்டர் கால் பரப்பி நிற்கிறது. அதன் கீழ் விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் நான்கு விரல் உயரம்கூட இல்லை. எந்த நேரம் தண்ணீர் ஏறுமோ என்று கணக்கு எழுதும் தம்பி ஒரு கையில் துணியோடுதான் உட்கார்ந்திருப்பார்.

தண்ணீரை விடப் பெரிய தொல்லை காகிதம். பக்கத்தில் எனக்குத் தெரிந்த கொள்வனவுக்காரர் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம். ஒரு நாள் காலை நெருக்கத்தில் முப்பத்தெட்டுக் கிலோ பாரை மீனுக்கு எழுதிய துண்டு காணாமல் போய்விட்டது. மீன் கொடுத்தவர் கொடுத்தேன் என்கிறார். கொம்பியூட்டரில் பதியப்படவில்லை, கம்பியிலும் இல்லை. மீனோ லொறியில் ஏறிக் கொழும்புக்குப் பாதி வழி போய்விட்டது. வாக்குவாதம் வளர்ந்தது. இவர் பாதிக் கிலோவுக்குக் காசு தருகிறேன் என்று சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் ஆனது. ‘இல்லாததற்கு ஏன் பாதி தருகிறாய், இருந்தால் ஏன் முழுதாகத் தரவில்லை’ என்று அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அடுத்த நாளிலிருந்து அவருடைய இரண்டு படகு மீனும் வேறு கொட்டிலுக்குப் போனது. மூன்றாம் நாள் மேசையை இழுத்துக் கூட்டும்போது மொனிட்டரின் காலுக்கும் பின்பலகைக்கும் இடையில் அந்தத் துண்டு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. துண்டையும் முழுக் காசையும் எடுத்துக்கொண்டு இவரே அந்த வாடிக்குப் போனார். காசை வாங்கிக்கொண்டார்கள். மீன் மட்டும் அந்தப் பருவம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

முப்பத்தெட்டுக் கிலோவின் விலை பெரிய நட்டமல்ல. இரண்டு படகின் ஒரு பருவத்து மீன் பெரிய நட்டம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நான் அளவு நாடாவை எடுத்து என் மேசையை அளந்தேன்.

என் மேசை நாலடி நீளம், இரண்டடி அகலம். மொத்தம் எட்டுச் சதுர அடி. மொனிட்டர் 22 அங்குலத் திரை. அதன் கால் பத்து அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம். தனியாகப் பார்த்தால் முக்கால் சதுர அடிக்கும் குறைவு. ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று தோன்றும். ஆனால் காலின் அளவு மட்டும் கணக்கல்ல. திரையின் அகலம் இருபது அங்குலம். அந்த இருபது அங்குலத்துக்கும் பின்னால், சுவர்வரை, நீங்கள் எதையும் வைத்து எடுக்க முடியாது. வைத்தால் காணாமல் போகும். சுவரிலிருந்து காலின் முன் விளிம்புவரை பன்னிரண்டு அங்குலம் என்று வையுங்கள். இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 240 சதுர அங்குலம், அதாவது ஒன்றே முக்கால் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. எட்டில் இது ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் மேசையின் நட்டநடுப் பங்கு. மொனிட்டர் கையின் இடுக்கி பிடிக்கும் இடமோ உள்ளங்கை அளவுதான், அதுவும் பின் ஓரத்தில். உங்கள் மேசையிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பழைய மொனிட்டர்களை நினைத்தால் இதுவும் பெரிய முன்னேற்றம்தான். முன்பு வந்த குழாய் மொனிட்டர் ஏறக்குறைய ஒரு முழம் ஆழம், பத்துப் பன்னிரண்டு கிலோ பாரம். அதைத் தூக்கி நிறுத்த ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும்தான் பெரிய இரும்புக் கைகளைப் பூட்டுவார்கள். தட்டைத் திரை வந்து பாரம் மூன்று நான்கு கிலோவுக்கு இறங்கிய பிறகுதான் சாதாரண மேசைக்கும் இந்தக் கை கட்டுப்படியானது.

கை எப்படிப் பாரத்தைத் தாங்குகிறது என்பதைத் தராசு பிடிப்பவர்கள் இலேசாகப் புரிந்துகொள்ளலாம். ஒரு தட்டில் மொனிட்டர், மறு தட்டில் அதற்குச் சமமான ஓர் இழுவிசை. அந்த இழுவிசையை ஒரு வில் கொடுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். இந்த வித்தையை மொனிட்டருக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஜோர்ஜ் கார்வர்டைன் என்பவர் மோட்டார் வாகனங்களின் வில்லமைப்பை வடிவமைத்துக்கொண்டிருந்த பொறியியலாளர். 1932இல் அவர் வில்களால் சமநிலைப்படுத்தப்பட்ட ஒரு கைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் நுனியில் விளக்கைப் பொருத்தியதும் ‘ஆங்கிள்போய்ஸ்’ என்ற மேசை விளக்குப் பிறந்தது. படம் வரைபவர்களின் மேசையிலும், பழைய கந்தோர்களிலும் மடங்கி நிமிரும் அந்த விளக்கைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு இருந்த இடத்தில் இப்போது மொனிட்டர்.

இப்போது வருபவற்றில் பலவற்றுக்குள் இருப்பது வாயு வில். வானின் பின்கதவைத் தூக்கினால் அது தானாக நிற்கிறதே, அங்கே இருபக்கமும் இருக்கும் உருளைக் கம்பியைப் போன்றதுதான். உள்ளே அழுத்தி அடைக்கப்பட்ட நைதரசன் வாயு. வேறு சிலவற்றில் சுருள் வில் இருக்கும். வாயு வில் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நாள்பட வாயு கசிந்தால் திரை தானாகத் தாழத் தொடங்கும். சுருள் வில் கொஞ்சம் விறைப்பு, உழைப்பு அதிகம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதில் வில்லே இல்லை. தண்டில் ஓர் உயரத்தில் இறுக்கிவிட்டால் அங்கேயே நிற்கும், இடம் வலம் மட்டும் திருப்பலாம். விலை குறைவு. தினமும் உயரம் மாற்றத் தேவையில்லாத கடைக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். நாயாற்றுக் கொட்டிலுக்கு நான் சுருள் வில் உள்ளதைத்தான் எடுத்தேன். காலையில் நின்றுகொண்டும், பகலில் உட்கார்ந்துகொண்டும் வேலை நடப்பதால் உயரம் மாற வேண்டியிருந்தது.

மேசையில் இடம் கிடைத்தது முதல் நாளே தெரிந்தது. துண்டுக் கம்பியும் அட்வான்ஸ் கொப்பியும் நடுவுக்கு வந்தன. தண்ணீர் ஓடினால் துடைத்துவிட்டுப் போகலாம். திரை ஒரு முழம் உயரத்தில் நிற்கிறது. ஆனால் நான் எதிர்பாராத ஒரு நன்மை இரண்டாவது வாரத்தில் வந்தது.

சிங்கள மீனவர்கள் நம்மை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிலாபம் பக்கத்துச் சம்மாட்டி ஒருவர், வயதில் என்னை விட மூத்தவர், அட்வான்ஸ் கழிப்பதில் எப்போதும் ஒரு முணுமுணுப்போடுதான் போவார். வெளிப்படையாகச் சண்டை பிடிக்கவும் மாட்டார், முகம் தெளியவும் மாட்டார். அன்றைக்குத் தம்பி திரையைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளும்போது அது பாதி அவர் பக்கம் திரும்பியது. அவர் உடனே, “நானா, அந்த டீவியை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்” என்றார். திருப்பினோம். அவருடைய பக்கத்தில் திகதி, கிலோ, விலை, கழித்த அட்வான்ஸ், மிச்சம் என்று ஐந்து நிரல். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எங்கள் தம்பிக்குச் சிங்களம் அரைகுறை. இலக்கத்துக்கு மொழி ஏது? மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு திகதியில் நிறுத்தி, “இது என் மகன் கொண்டுவந்த மீன், நான் அன்று ஊரில்” என்றார். அந்த இடம்தான் அவருக்கு இத்தனை நாளும் இடித்த இடம். தான் ஊரில் இல்லாத இரண்டு நாள் மீன் கணக்கில் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். வந்திருந்தது. தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது யார் வந்தாலும் நிறுத்து முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மேசையின் நடுவில் கால் ஊன்றி நின்ற மொனிட்டர், வியாபாரிக்கும் வந்தவருக்கும் இடையில் ஒரு தட்டியைப் போல் நின்றது. வந்தவர் பார்ப்பது அதன் கறுப்பு முதுகை. அதற்குப் பின்னாலிருந்து ‘உனக்கு இவ்வளவுதான்’ என்று ஒரு குரல் வந்தால் எந்த மனிதருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடப்பட்ட சமூகம் நாம். எழுதியதை மற்றவர் பார்க்கும்படி வைப்பதில் நமக்கு என்ன தயக்கம்?

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. ஒருவருடைய கடனை இன்னொருவர் பார்க்கக் கூடாது. எல்லோருடைய பெயரும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தால், திரையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நாலு பேருடைய மானம் போகும். ஆளுக்கொரு பக்கம் திறந்து வையுங்கள். காட்டி முடிந்ததும் திரையை உங்கள் பக்கம் இழுத்துவிடுங்கள். கை இருப்பதால் அது ஒரு நொடி வேலை.

எங்கள் ஊரவர்களுக்குச் சின்ன இடத்தில் வியாபாரம் செய்வது புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, நம்மில் பெரும்பாலோர் புத்தளத்தில் போய் இறங்கினோம். ஊரில் விட்டுவந்த கடையோடு கணக்குக் கொப்பிகளும் போய்விட்டன. யார் யார் எவ்வளவு தர வேண்டும், நாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஞாபகத்தில்தான் இருந்தது. அங்கே ஒரு பலகைத் துண்டின் மேல் தராசையும் வைத்து, சீனியும் சுற்றி, அதிலேயே கொப்பியும் எழுதிப் பிழைத்தவர்கள் ஏராளம். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பலகையில் இருந்து பழகியவர்களுக்கு ஒரு சாண் இடத்தின் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி, வாங்க நினைப்பவர்களுக்குச் சில காரியங்கள். முதலில் மொனிட்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சதுரமாக நான்கு ஸ்குரு ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீற்றர் அல்லது 100 மில்லிமீற்றர் இருக்கும். இது ‘வெசா’ என்ற சர்வதேச அமைப்பு வகுத்த அளவு. எந்தக் கம்பனியின் மொனிட்டரும் எந்தக் கம்பனியின் கையும் பொருந்துவது இந்த ஒழுங்கினால்தான். ஸ்குரு ‘எம்4’ என்ற பருமன். மலிவான சில மொனிட்டர்களில் இந்த ஓட்டையே இருக்காது. அதற்குப் பக்கவாட்டில் பிடிக்கும் தனிச் சட்டம் விற்கிறார்கள், ஆனால் அது அவ்வளவு திருப்தி இல்லை. புதிதாக மொனிட்டர் வாங்குபவர்கள் கை இப்போது வேண்டாம் என்றாலும் ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குவது புத்தி.

அடுத்தது பாரம். காலைக் கழற்றிவிட்டு மொனிட்டரை மட்டும் நிறுங்கள். நம்மிடம்தான் தராசு இருக்கிறதே. மீன் தராசில் ஒரு சாக்கை விரித்து நான் நிறுத்தபோது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. கையின் பெட்டியில் கூடிய பாரமும் குறைந்த பாரமும் போட்டிருக்கும். எல்லோரும் கூடியதைத்தான் பார்ப்பார்கள். குறைந்ததையும் பார்க்க வேண்டும். பெரிய திரைக்கு என்று செய்த கையில் சின்ன மொனிட்டரைப் பூட்டினால், விட்டவுடன் அது வானத்தைப் பார்த்து எழும்பும். பூட்டிய பிறகு, கூட வரும் ஆறுமூலைச் சாவியால் வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியோ தளர்த்தியோ மொனிட்டர் விட்ட இடத்தில் நிற்கும்படி சரிபார்க்க வேண்டும். இந்தக் கால்மணி நேர வேலையைச் செய்யாமல்தான் பலர் ‘கை சரியில்லை’ என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

மேசை மிக முக்கியம். கண்ணாடி மேசையில் இடுக்கியைப் பூட்டவே கூடாது. மரத்தூள் பலகை மேசை என்றால் இடுக்கி ஒரே இடத்தில் நசுக்கி, பலகை சிப்பியாக உதிரும். மேலும் கீழும் ஒரு தகடோ கட்டிப் பலகையோ வைத்து இறுக்க வேண்டும். நம் பக்கத்து முதிரை, பாலை மேசைகள் பாரத்துக்கு அசையாது, ஆனால் அவற்றில் வேறு சிக்கல். பலகையின் கீழே ஓரத்தை ஒட்டி ஒரு சட்டம் ஓடும். இடுக்கியின் கீழ்த் தாடைக்கு இடம் இருக்காது. என் மேசையிலும் அப்படித்தான். தச்சுவேலை செய்பவரைக் கூப்பிட்டு, பின் ஓரத்தில் போல்ட்டின் பருமனுக்கு ஓர் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பூட்டினோம். பெரும்பாலான கைகளில் இந்த இரண்டு முறைக்கும் உரிய சாமான் பெட்டியிலேயே வரும். நாற்காலிக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மேசை வைத்திருப்பவர்கள் முதலில் மேசையை மாற்றுங்கள்.

மேசை சுவரை ஒட்டி இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரையைப் பின்னுக்குத் தள்ளும்போது கை மடங்கி, அதன் முழங்கை பின்பக்கமாகப் பிதுங்கும். சுவர் இடித்தால் திரை நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகாது. மேசையை நான்கைந்து அங்குலம் முன்னுக்கு இழுக்கலாம், அல்லது இடுக்கியை நடுவில் பூட்டாமல் ஒரு மூலையில் பூட்டலாம். மூலையில் பூட்டினால் கை பக்கவாட்டில் மடங்கும். எனக்கு மூலைதான் சரிவந்தது. வயர்களுக்குத் தாராளமாக நீளம் விடுங்கள். இழுத்துக் கட்டிவிட்டுத் திரையைத் திருப்பினால் மொனிட்டரின் சொக்கெட்தான் உடையும்.

கடலோரக் கடைக்காரர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாயாற்றில் பூட்டின் திறப்புக்கூட ஒரு பருவத்தில் துருப்பிடிக்கும். அலுமினியத்தில் வார்த்து, மேலே தூள் வர்ணம் சுட்ட கையாகப் பாருங்கள். வெறும் இரும்புக்குப் பெயின்ட் அடித்தது முதல் மழைக்கே பொரியும். கூட வரும் ஸ்குருக்களை எறிந்துவிட்டு, அதே அளவில் துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரு நாலு வாங்கிப் போட்டோம். மாதம் ஒருமுறை மூட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. பருவம் முடிந்து கொட்டிலைக் கழற்றும்போது கையும் மொனிட்டரும் தண்ணீரூற்றுக்கு வந்துவிடும்.

கழற்றும்போது மிகவும் கவனம் தேவை. மொனிட்டரின் பாரம் இருக்கும்வரைதான் வில் அடங்கியிருக்கும். கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மொனிட்டரைக் கழற்றினால் வெறும் கை விசையோடு மேலே பாயும். முகத்தில் பட்டால் பல்லுப் போகும். முதலில் கையை முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஸ்குருவைக் கழற்ற வேண்டும். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

உயரம் எவ்வளவு என்று கேட்பார்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ, தூரம் கையை நீட்டினால் விரல் தொடும் அளவில் என்பது பொதுவான விதி. ஆனால் என்னைப்போல் ஐம்பதைக் கடந்து, மேலே தூரப் பார்வையும் கீழே கிட்டப் பார்வையுமாக இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் அந்த விதியைப் பின்பற்றினால் கழுத்துத்தான் நோகும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்போம். நமக்குத் திரை இன்னும் இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். தம்பி இருக்கும்போது ஓர் உயரம், நான் இருக்கும்போது ஓர் உயரம். முன்பு மொனிட்டருக்குக் கீழே பழைய டெலிபோன் டிரக்டரியை வைத்தும் எடுத்தும் செய்த வேலை அது.

விலையைப் பொறுத்தவரை நான் விசாரித்த கடைகளில் ஒரே மாதிரிச் சாமானுக்கே ஒன்றுக்கு மற்றது இரட்டிப்பாகச் சொன்னார்கள். 2022இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதற்குப் பிறகு இறக்குமதிச் சாமானில் எது நியாய விலை என்பதே பிடிபடுவதில்லை. நாலு கடையில் கேளுங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. லெப்டொப்பில் கணக்குப் பார்ப்பவருக்குத் தேவையில்லை. விரலால் தொட்டு அடிக்கும் பில் மெஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கையில் பூட்டினால் ஒவ்வொரு தொடுகைக்கும் திரை ஆடும், அதற்குக் கனமான கால்தான் நல்லது. திரையைத் திருப்பும் தேவையே இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குச் சுவரில் ஒரு தட்டைப் பூட்டினால் போதும், அது இன்னும் மலிவு. மேசை நிறையப் பழைய பில்லும் கலண்டரும் மாதிரிப் போத்தல்களும் வைத்திருப்பவருக்கு எந்தக் கையும் உதவாது. கிடைத்த இடத்தையும் ஒரு கிழமையில் நிரப்பிவிடுவார். எங்கள் கொட்டிலிலேயே விடுபட்ட இடத்தில் மூன்றாம் நாள் யாரோ ஒரு ரெஜிபோம் பெட்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள். தம்பி இப்போது அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். அதற்குள் துண்டுக் கம்பியும் அட்வான்ஸ் கொப்பியும் தவிர வேறெதுவும் வரக் கூடாது என்பது அவருடைய சட்டம். நான் என் தேநீர்க் கோப்பையைக்கூட அங்கே வைக்க முடியாது.

மொனிட்டரின் பழைய காலையும் அதன் ஸ்குருக்களையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக் கட்டி, பில்லோடு சேர்த்து அலுமாரியில் வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் மொனிட்டர் பழுதானால் முழுச் சாமானோடு கொண்டு வா என்பார்கள். விற்கப்போனாலும் கால் இல்லாத மொனிட்டருக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள்.